விருந்தினருக்கும் கடமை உண்டு: ஓமான் நாட்டுப் பழக்கவழக்கங்களும் அவற்றின் வரலாறும்



பள்ளி விடுமுறை நெருங்கும்போது வெளிநாட்டுப் பயணம் பற்றிய பேச்சு பெற்றோரிடையே எழுவது இயல்பு. அந்தப் பேச்சில் இப்போது வளைகுடா நாடுகளும் இடம்பெறுகின்றன. வேலை நிமித்தமாகக் குடும்பத்தோடு அங்குச் செல்வோரும் உண்டு. அவ்வாறு மஸ்கட் நகருக்குப் புறப்பட்ட ஒரு தாயார், தமக்குக் கிடைத்த குறிப்புத்தாள் ஒன்றை என்னிடம் காட்டினார். இடக்கையால் கொடுக்காதீர், உள்ளங்காலைக் காட்டி அமராதீர், பெண்களைப் படமெடுக்காதீர், வீட்டுப் பெண்களைப் பற்றி விசாரிக்காதீர் என ஏறத்தாழ ஒரு பக்கம் முழுவதும் ‘காதீர்’களே வரிசையாக இருந்தன. அவற்றுள் எதுவும் தவறில்லை. ஆனால், ஏன் என்பதற்கு ஒரு வரிகூட அதில் இல்லை.

காரணம் சொல்லாமல் கற்பிக்கப்படும் ஒழுங்கு பிள்ளைகளிடம் இரண்டு வகையாக முடிவதை வகுப்பறையில் பலமுறை கண்டிருக்கிறேன். அச்சமுள்ள பிள்ளை ஒதுங்கி நிற்கும். துடிப்பான பிள்ளை கேலி செய்யும். இவ்விரண்டையும் மரியாதை என்று கூற இயலாது. ஒரு வழக்கம் எங்கிருந்து வந்தது, யாரைக் காப்பதற்காக வந்தது என்று தெரிந்துகொண்ட பிள்ளைக்குப் பட்டியல் அதிகம் தேவைப்படாது. பட்டியலில் இல்லாத சூழ்நிலை வந்தாலும் அப்பிள்ளை தானே சரியாக நடந்துகொள்ளும். ஆகவே, ஓமான் நாட்டுப் பழக்கவழக்கங்களை அவற்றின் வரலாற்றோடு சேர்த்து இங்கே எழுத விழைகிறேன்.

ஏன் ஓமான்?

அரபு நாடுகள் என்று நாம் பொதுவாகக் குறிப்பிட்டாலும் அவை ஒரே அச்சில் வார்த்தவை அல்ல. மொரோக்கோவின் பழக்கம் வேறு. சவூதி அரேபியாவின் பழக்கம் வேறு. ஒன்றைத் தேர்ந்தெடுத்துப் பேசுவதே முறை. ஓமானைத் தேர்ந்தெடுத்ததற்கு ஒரு காரணம் உண்டு. அந்நாட்டுக்கும் நம் மலாக்கா நீரிணைக்கும் உள்ள தொடர்பு மிகப் பழைமையானது.

1998-ஆம் ஆண்டில் இந்தோனேசியாவின் பெலித்தோங் தீவருகே மூழ்கிக் கிடந்த ஒரு கப்பல் கண்டறியப்பட்டது. அது கி.பி. ஒன்பதாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. சீனாவில் ஏற்றிய ஏறத்தாழ 60,000 மட்பாண்டங்களோடு மேற்கு நோக்கிச் சென்றபோது மூழ்கியது. அக்கப்பலின் பலகைகள் ஆணியால் அறையப்படாமல் கயிற்றால் தைக்கப்பட்டிருந்தன. இது அரபுக் கடற்பகுதியின் கப்பல் கட்டும் முறை. அக்கப்பலை முன்மாதிரியாகக் கொண்டு, தேங்காய் நார்க் கயிற்றால் பலகைகளைத் தைத்து, ‘ஜுவல் ஆஃப் மஸ்கட்’ என்னும் பாய்மரக் கப்பலை ஓமானியர் கட்டினர். அது 2010 பிப்ரவரியில் மஸ்கட்டிலிருந்து புறப்பட்டு, கொச்சி, காலி, பினாங்கு, கிள்ளான் துறைமுகம் ஆகியவற்றைத் தொட்டு, அதே ஆண்டு ஜூலையில் சிங்கப்பூரைச் சென்றடைந்தது. ஓமான் அரசு அதனைச் சிங்கப்பூருக்கு அன்பளிப்பாக வழங்கியது.

இவ்வாறு கடல்வழி வந்தவை சரக்குகள் மட்டுமல்ல. நாம் நாள்தோறும் புழங்கும் மலாய்மொழியில் ‘அடாட்’ என்றால் வழக்கம். ‘அடாப்’ என்றால் பண்பு. ‘ஹொர்மாட்’ என்றால் மரியாதை. ‘மஜ்லிஸ்’ என்றால் அவை. நான்கும் அரபுமொழியிலிருந்து வந்த சொற்களே. நான் ஆசிரியர் பயிற்சி பெற்ற நிலையத்தை அக்காலத்தில் ‘மக்தாப்’ என்றே அழைத்தோம். அதுவும் அரபுச் சொல்தான். பழக்கவழக்கத்தைப் பற்றிப் பேச நம் நாட்டார் பயன்படுத்தும் சொற்களே அங்கிருந்து வந்திருக்கும்போது, அந்நாட்டின் பழக்கங்களை முற்றிலும் அந்நியமானவையாகப் பிள்ளைகளுக்குக் காட்டுவது பொருந்தாது.

கல்ஹாத் நகர வாயிலில் ஒரு வழிப்போக்கர்

மொரோக்கோ நாட்டின் தஞ்சீர் நகரில் 1304-இல் பிறந்த இப்னு பதூதா, 1330-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஓமான் கடற்கரைக்கு வந்தார். சூர் என்னும் துறைக்கு அருகே கப்பல் நின்றபோது, கல்ஹாத் நகரம் பக்கத்தில் இருப்பதுபோல் கண்ணுக்குத் தெரிந்தது. நடந்தே சென்றுவிடலாம் என்று எண்ணி, வழிகாட்டி ஒருவனை அமர்த்திக்கொண்டு, இந்தியாவைச் சேர்ந்த தோழர் ஒருவரோடு புறப்பட்டார். அந்த வழிகாட்டி அவருடைய துணிகளைக் கவர்ந்துசெல்லும் எண்ணம் கொண்டவன். கடற்கழி ஒன்றைக் கடக்கும் சாக்கில் அவர்களை ஆழத்தில் இறக்கிவிட முயன்றான். இப்னு பதூதாவின் கையில் ஈட்டி இருந்ததால் அவன் அஞ்சி அடங்கினான். நீரின்றித் தவித்து, இரவெல்லாம் விழித்திருந்து, கால்கள் புண்பட்டு அவர் ஒருவாறு நகர வாயிலை அடைந்தார்.

வாயிற்காவலர் அவரை உடனே உள்ளே விடவுமில்லை, விரட்டவுமில்லை. நகர ஆளுநரிடம் வந்து தாம் யார், எங்கிருந்து வருகிறார் என்று கூற வேண்டும் என்றார். ஆளுநர் அவரது நிலையைக் கேட்டறிந்து, எழுந்து நிற்கவும் இயலாத அவரை ஆறு நாள்கள் தம் விருந்தினராக வைத்துக் காத்தார். இதனை இப்னு பதூதா தம் பயணநூலில் பதிவு செய்திருக்கிறார்.

இந்நிகழ்ச்சியில் இரண்டு செயல்கள் உள்ளன: வந்தவர் தம்மை அறிமுகம் செய்துகொள்கிறார்; இருப்பவர் அவரைப் பொறுப்பேற்கிறார். முதலாவது நடந்த பிறகுதான் இரண்டாவது நடக்கிறது. ஓமானில் இன்றும் வணக்கமும் நலவிசாரிப்பும் நீண்டுகொண்டே போவதன் வேர் இங்கே இருக்கிறது. நலம் கேட்டு, குடும்ப நலம் கேட்டு, ஊர் நலம் கேட்டு, பிறகே வந்த செய்தி பேசப்படும். கைகொடுத்தவுடன் காரியத்தில் இறங்குபவரை அங்குள்ளோர் பண்பற்றவராகக் கருத வாய்ப்புண்டு. நலவிசாரிப்பைச் சடங்கு என்று ஒதுக்கிவிடாமல், அந்நியர் ஒருவர் அறிந்தவராக மாறும் வாயில் அது என்று பிள்ளைகளுக்குச் சொல்லலாம்.

அதே நூலில் இப்னு பதூதா நிஸ்வா நகரைப் பற்றிக் கூறும் ஒரு செய்தியும் நோக்கத்தக்கது. அந்நகர மக்கள் தத்தம் வீட்டிலிருந்து உள்ளதைக் கொண்டுவந்து பள்ளிவாசல் முற்றத்தில் ஒன்றாக அமர்ந்து உண்பர் என்றும், வழிப்போக்கர்களும் அவர்களோடு அமர்ந்து உண்பர் என்றும் அவர் எழுதுகிறார். ஓமானியச் சிற்றூர்களில் ‘சப்லா’ எனப்படும் பொதுக்கூடம் உண்டு. ஊரார் கூடிப் பேசுவதும் வெளியூராரை வரவேற்பதும் அங்கேதான். விருந்தோம்பலை ஒரு வீட்டின் சுமையாக விடாமல் ஊரின் பொறுப்பாக ஆக்கிய ஏற்பாடு அது.

பாலைவனத்தில் மரியாதை என்பது உயிர்

நகரத்தில் ஆளுநர் இருந்தார். பாலைவனத்தில் யார் இருந்தார்? அங்கே வழக்கம்தான் அரசாக இருந்தது.

மஸ்கட் சுல்தானிடம் பணியாற்றிய பெர்ட்ரம் தாமஸ் என்னும் ஆங்கிலேயர் 1930 டிசம்பரில் தெற்கு ஓமானின் சலாலாவிலிருந்து புறப்பட்டு, ‘ருப்உல் காலி’ எனப்படும் பெரும் மணற்பாலையைக் கடந்து, 1931 பிப்ரவரியில் தோஹாவை அடைந்தார். அடுத்து வில்ஃப்ரெட் தெசிகர் 1940-களின் பிற்பகுதியில் இருமுறை அப்பாலையைக் கடந்தார். இருவருக்கும் துணை நின்றது ‘ரபியா’ என்னும் வழக்கம். ஒரு குலத்தாரின் நிலத்தைக் கடக்க வேண்டுமாயின் அக்குலத்தைச் சேர்ந்த ஒருவரைத் துணையாக அழைத்துச் செல்ல வேண்டும். அவர் உடனிருக்கும்வரை அவருடைய குலத்தார் வழிப்போக்கரைத் தாக்கமாட்டார்கள். தாக்கினால் பழி அவர்களுடைய குலத்தின்மீதே விழும். சுவரோ காவலரோ இல்லாத நிலத்தில் ஒரு மனிதரின் சொல்லே கோட்டையாக நின்றது.

தெசிகர் தம் நூலில் ஒரு நிகழ்ச்சியை விவரிக்கிறார். பல நாள் அரைப்பட்டினிக்குப் பிறகு அவருடைய கூட்டத்தாருக்கு ஒரு முயல் கிடைத்தது. அதனைச் சமைத்து, ஆவலோடு காத்திருந்து, உண்ண அமரும் நேரத்தில் மணல்மேட்டில் சிலர் வருவது தெரிந்தது. அவருடைய பதூவித் தோழர்கள் எழுந்து வந்தவர்களை வரவேற்றார்கள். முயல் இறைச்சியையும் ரொட்டியையும் அவர்கள்முன் வைத்தார்கள். தங்களுக்குப் பசியில்லை என்பதுபோல் வற்புறுத்தி உண்ணச் செய்தார்கள். வந்தவர்கள் உண்டு முடித்தார்கள். இவர்கள் பசியோடே படுத்தார்கள்.

இதை வெறும் பெருந்தன்மை என்று சொன்னால் பிள்ளைகளுக்குப் பாதிதான் விளங்கும். பாலைவனத்தில் இன்று விருந்தளிப்பவர் நாளை வழிதவறி வருபவராக இருப்பார். அவருக்கு அப்போது உணவும் நீரும் கிடைக்குமா என்பது, இன்று அவர் காக்கும் வழக்கம் நாளைவரை நிலைத்திருப்பதைப் பொறுத்தது. ஒருவர் வழக்கத்தை மீறினால் எல்லாருடைய உயிருக்கும் இருந்த உறுதி குறைகிறது.

மூன்று நாள்

விருந்தளிப்பவருக்கு இவ்வளவு பெரிய கடமை இருக்கும்போது விருந்தினருக்கும் எல்லை வேண்டுமல்லவா? இஸ்லாமிய மரபில் விருந்தோம்பல் மூன்று நாள்களுக்கு உரியது. அதற்கு மேல் தரப்படுவது தானம் என்று நபிமொழி கூறுகிறது. விருந்தளிப்பவரைச் சங்கடத்துக்கு ஆளாக்கும் அளவுக்கு விருந்தினர் தங்குவது தகாது என்றும் அது வரையறுக்கிறது.

நம் திருக்குறளில் விருந்தோம்பலுக்கு ஓர் அதிகாரமே உண்டு. ஆயினும் அது விருந்தளிப்பவரை நோக்கியே பேசுகிறது. விருந்தாக வந்தவருக்கும் கடமை உண்டு என்பதை அரபு மரபு வெளிப்படையாகவே சொல்லி வைத்தது. இக்கட்டுரைக்கு நான் இட்ட தலைப்பும் அதிலிருந்து வந்ததே. அந்தக் கடமைகள் எவ்வளவு நுட்பமாக அன்றாட வாழ்வில் நெய்யப்பட்டுள்ளன என்பதை ஒரு காப்பிக் குவளையில் காணலாம்.

காப்பிக் குவளையின் மொழி

காப்பி அருந்தும் பழக்கம் பதினைந்தாம் நூற்றாண்டில் ஏமன் நாட்டுச் சூஃபிகளிடையே வேரூன்றியது. இரவு வழிபாட்டில் விழித்திருக்க அது உதவியது. அங்கிருந்து அரபு நாடெங்கும் பரவியது. 2015-இல் ஐக்கிய அரபு அமீரகம், சவூதி அரேபியா, ஓமான், கத்தார் ஆகிய நான்கு நாடுகளும் இணைந்து முன்மொழிந்ததன்பேரில், அரபுக் காப்பியையும் ‘மஜ்லிஸ்’ என்னும் வரவேற்புக் கூடத்தையும் யுனெஸ்கோ மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது.

ஓமானிய வீட்டில் விருந்தினருக்கு முதலில் பேரீச்சம்பழமோ பழவகைகளோ அல்வாவோ வரும். (நாம் ‘அல்வா’ என்பதும் இனிப்பைக் குறிக்கும் அரபுச் சொல்லின் வழிவந்ததே.) ஓமானிய அல்வா மாவுப்பொருள், சர்க்கரை, நெய், ஏலம், குங்குமப்பூ, பன்னீர் முதலியவற்றைச் சேர்த்து நெடுநேரம் கிளறிச் செய்யப்படுவது. அதன்பின் ஏலம் மணக்கும் கசப்பான காப்பி, கைப்பிடி இல்லாத சிறு குவளையில் வரும். ஊற்றுபவர் இடக்கையில் கூசாவைப் பிடித்து வலக்கையால் குவளையை நீட்டுவார். பெறுபவரும் வலக்கையால் பெற வேண்டும்.

குவளையில் காப்பி சிறிதளவே இருக்கும். நம் வீடுகளில் குவளை நிறையக் கொடுத்தால்தான் மனம் நிறைந்ததாகக் கருதுவோம். அங்கே அப்படியல்ல. குவளையை விளிம்புவரை நிரப்பினால், ‘இதைக் குடித்துவிட்டுக் கிளம்பலாம்’ என்று பொருள்படும். சிறிது சிறிதாகப் பலமுறை ஊற்றும்போது விருந்தினரைத் திரும்பத் திரும்பக் கவனிக்க நேர்கிறது. போதும் என்றால் வாய்திறந்து மறுக்க வேண்டியதில்லை. குவளையை இருபக்கமும் மெல்ல அசைத்துத் திருப்பிக் கொடுத்தால் போதும். அசைக்காதவரை ஊற்றிக்கொண்டே இருப்பார்கள். முதல் குவளையை அறவே மறுப்பதோ வரவேற்பையே மறுப்பதற்கு ஒப்பாகும்.

பெரிய தட்டைச் சுற்றி அமர்ந்து உண்ணும்போதும் இவ்வாறான நுட்பங்கள் உண்டு. வலக்கையால், தமக்கு முன்னால் உள்ள பகுதியிலிருந்து மட்டும் எடுத்து உண்ண வேண்டும். நல்ல இறைச்சித் துண்டுகளை வீட்டார் விருந்தினர் பக்கம் நகர்த்துவார்கள். அரேபியாவின் பல இடங்களில் விருந்தினர் முதலில் உண்பதும், அதே உணவை வீட்டாரும் பிள்ளைகளும் பிறகு உண்பதும் பழைய வழக்கம். ஆகவே, தட்டைக் காலி செய்யாமல் எழுவதே அங்குப் பண்பு. ‘வைத்ததை மிச்சம் வைக்காமல் சாப்பிடு’ என்று நாம் வளர்த்த பிள்ளை அங்கே திகைத்து நிற்கும். தனக்குப் பின் உண்ணக் காத்திருப்போர் உண்டு என்று ஒரு வரி சொன்னால் உடனே புரிந்துகொள்ளும்.

உணவுக்குப் பின் நறுமணப்புகை வரும். ஓமானின் தெற்கிலுள்ள தோஃபார் பகுதி குந்திரிக்கம் விளையும் நிலம். பண்டைக் காலத்தில் கடல்வழியும் ஒட்டகவழியும் அது ஏற்றுமதியானது. அந்நிலப்பகுதியின் தொல்லிடங்கள் 2000-ஆம் ஆண்டில் உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றன. தணலில் புகையும் தூபக்காலை விருந்தினரிடையே சுற்றி வரச் செய்வார்கள். ஆடையிலும் தலைத்துணியிலும் புகையை ஏற்றுக்கொள்ளலாம். ‘தூபம் வந்தபின் அமர்வு இல்லை’ என்ற கருத்தில் அரபியில் ஒரு பழமொழி உண்டு. ‘நேரமாகிவிட்டது, கிளம்புங்கள்’ என்று யாரும் சொல்வதில்லை, மணத்தோடு வழியனுப்புகிறார்கள். அக்குறிப்பை உணர்ந்து நன்றி கூறி எழுவது விருந்தினரின் கடமை.

வீட்டில் உள்ள ஒரு பொருளை அளவுக்கு மீறிப் புகழ்வதும் கூடாது. வீட்டார் அதனைக் கொடுத்துவிட வேண்டிய கட்டாயத்துக்கு ஆளாவார்கள். குழந்தையைப் புகழ்ந்தால் ‘மாஷா அல்லாஹ்’ என்று சேர்த்துச் சொல்வார்கள். கண்ணேறு என்னும் சொல்லை அறிந்த நமக்கு இதற்கு விளக்கம் தேவையில்லை. உள்ளங்காலைப் பிறர் முகத்துக்கு நேரே நீட்டி அமரக்கூடாது என்பதும் நம் பாட்டிமார் சொல்லி வளர்த்ததுதான்.

வீடும் பெண்களும்

குறிப்புத்தாளில் அந்தத் தாயாரை மிகவும் கலங்கச் செய்தது, பெண்கள் தொடர்பான பகுதி. பெண்கள் வேறு அறையில் இருப்பார்கள், ஆண்களோடு கைகுலுக்கமாட்டார்கள், அவர்களைப் பற்றி விசாரிக்கக் கூடாது என்று படித்தபோது, அங்குள்ள பெண்கள் பேசவே மாட்டார்களோ என்று அவர் நினைத்துவிட்டார்.

நார்வே நாட்டு மானிடவியலாளர் உன்னி விகான் 1970-களின் நடுப்பகுதியில் ஓமானின் சோஹார் நகரில் தங்கி, முகமூடி அணியும் பெண்களோடு பழகி ஆய்வு செய்தார். 1982-இல் அதனை நூலாக வெளியிட்டார். அவர் முதன்மையாகக் கண்டது, அம்மக்களின் நயநாகரிகம். பிறர்மீது குறைகூறாமை, சங்கடப்படுத்தும் கேள்வியைத் தவிர்த்தல், வந்தவரை இன்முகத்தோடு ஏற்றல் ஆகியவற்றில்தான் தம் மதிப்பு இருக்கிறது என்று ஆண்களும் பெண்களும் கருதினர். பிறரைத் தீர்ப்பிடுவதைவிடத் தாம் எவ்வாறு நடந்துகொள்கிறோம் என்பதே அவர்களுக்கு முக்கியமாக இருந்தது.

‘ஹொர்மாட்’ என்னும் மலாய்ச் சொல்லின் மூலமான அரபுச் சொல்லுக்கு, மீறக்கூடாத புனிதம் என்ற பொருளும் உண்டு. வீட்டின் உட்பகுதி அத்தகைய இடம். அதனால்தான் மஜ்லிஸ் பெரும்பாலும் வாசலை ஒட்டி அமைந்திருக்கும். ஆண் விருந்தினர் ‘மனைவி நலமா?’ என்று கேட்பதற்குப் பதிலாகக் குடும்பத்தார் நலமா, பிள்ளைகள் நலமா என்று கேட்பார். பெண்ணொருவர் தாமே கையை நீட்டினால் மட்டும் கைகொடுக்கலாம். இல்லையேல் வலக்கையை நெஞ்சில் வைத்துச் சிறிது தலைசாய்த்தால் போதும். இங்கும் மலாய் அண்டைவீட்டார் சிலரிடம் இதைக் கண்டிருப்பீர்கள். பெண் விருந்தினருக்கோ இரு கதவுகளும் திறந்தவை. மஜ்லிஸிலும் அமரலாம், உள்ளே பெண்களோடும் அமரலாம். அந்தத் தாயாருக்கு நான் இதைத்தான் கூறினேன். அவர் கணவர் காண இயலாத ஓமானை அவர் காண்பார்.

ஊருக்குள் நீரோடும் இடங்களிலும் இதே எண்ணம் செயல்படுகிறது. மலையடிவார நீரைக் கால்வாய் வழியே ஊருக்குக் கொண்டுவரும் ‘ஃபலஜ்’ என்னும் பாசன முறை ஓமானின் பெருமை. அவற்றுள் ஐந்து 2006-இல் உலக மரபுரிமைச் சின்னங்களாயின. கால்வாய் ஊருக்குள் நுழையும் முதல் இடம் குடிநீருக்கு, அடுத்துப் பள்ளிவாசலின் தூய்மைக்கு, பிறகு குளிப்பதற்கு, ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனி இடங்கள், இறுதியில் பேரீச்சந்தோப்புக்கு. வெயிலில் களைத்த சுற்றுப்பயணி முதல் துறையிலேயே காலை நனைத்தால், அவர் ஓர் ஊரின் குடிநீரில் கால் வைக்கிறார். எந்த இடத்தில் கை நனைக்கலாம் என்று கேட்டுவிட்டுச் செல்வதே முறை.

மாற்றுச் சமயத்தாரும் மஸ்கட்டும்

1761-இல் டென்மார்க் அரசர் அரேபியாவுக்கு ஓர் ஆய்வுக்குழுவை அனுப்பினார். குழுவினர் ஒவ்வொருவராகக் காய்ச்சலுக்கு இரையாக, கார்ஸ்டன் நீபூர் ஒருவர் மட்டுமே எஞ்சினார். அம்மண்ணின் மக்களைப்போல் உடுத்து, அவர்கள் உண்பதை உண்டதால் உடல்நலம் தேறியதாக அவர் கருதினார். 1765-இல் அவர் மஸ்கட்டுக்கு வந்தபோது கண்டதை எழுதியிருக்கிறார். ஏறத்தாழ 1,200 இந்திய வணிகர்கள் அங்கு வாழ்ந்தனர். தம் சட்டப்படி வாழவும், வீட்டில் தெய்வ உருவங்களை வைத்து வழிபடவும், இறந்தோரை எரியூட்டவும் அவர்களுக்கு உரிமை இருந்தது. இன்றும் மஸ்கட்டில் சிவன் கோயிலும் கிருஷ்ணன் கோயிலும் உள்ளன.

விருந்தளிப்பவர் காட்டும் இந்தப் பெருந்தன்மைக்கு விருந்தினர் காட்ட வேண்டிய கைம்மாறு கடினமானதன்று. 2001-இல் திறக்கப்பட்ட சுல்தான் காபூஸ் பெரிய பள்ளிவாசலுக்குள் பிற சமயத்தாரும் வெள்ளிக்கிழமை தவிர மற்ற நாள்களில் காலை வேளையில் செல்லலாம். கைகால் மறைந்த உடையும், பெண்களுக்குத் தலைத்துணியும் வேண்டும். தொழுகைக் கூடத்துக்குக் காலணி கழற்ற வேண்டும். ரமலான் மாதத்தில் பகற்பொழுதில் பொது இடத்தில் உண்பதும் பருகுவதும் சட்டப்படியே தடுக்கப்பட்டவை. மனிதரைப் படமெடுக்குமுன் அனுமதி கேட்க வேண்டும். வார ஓய்வு வெள்ளியும் சனியும்; 2013 வரை அது வியாழனும் வெள்ளியுமாக இருந்தது.

விருந்தோம்பல் எட்டாத இடங்கள்

ஒரு நாட்டின் பண்பை மட்டும் பாடிவிட்டு நிறுத்துவது வரலாறாகாது. சுல்தான் சயீத் பின் தைமூர் ஆட்சியில் (1932–1970) மஸ்கட் நகர வாயில் சூரியன் மறைந்த மூன்று மணி நேரத்தில் மூடப்பட்டது. அதன்பின் தெருவில் நடப்போர் கையில் விளக்கு ஏந்தியிருக்க வேண்டும். வெளிநாட்டார் வருவதற்கு சுல்தானின் அனுமதி வேண்டும். 1970-இல் நாடு முழுமைக்கும் மூன்றே பள்ளிகள். படித்தோர் ஏறத்தாழ 900 ஆண் பிள்ளைகள். அவ்வாண்டு ஜூலையில் ஆட்சிக்கு வந்த சுல்தான் காபூஸ் காலத்தில்தான் அடிமைமுறை ஒழிக்கப்பட்டது. பெண்களுக்கான பள்ளிகளும் பெருகின. விருந்தினருக்காகப் பட்டினி கிடந்த அதே நிலத்தில் அடிமைகளும் இருந்தார்கள் என்பதைப் பெரிய வகுப்பு மாணவர்களிடம் மறைக்க வேண்டியதில்லை.

எண்ணெய் வருவாய் பெருகியபின் இந்தியாவிலிருந்தும் பிற நாடுகளிலிருந்தும் தொழிலாளர்கள் இலட்சக்கணக்கில் சென்றார்கள். அவர்களுள் தமிழரும் உண்டு. அவர்களுக்கு ‘கஃபீல்’ எனப்படும் பொறுப்பாளர் ஒருவர் வேண்டும். அச்சொல்லின் பொருள் பிணைநிற்பவர் என்பதே. பாலைவனத்து ‘ரபியா’வும் அந்நியருக்காகப் பிணை நின்றவர்தாம். ஆனால், ரபியா வழிப்போக்கரோடு சேர்ந்து நடந்தார். ஆபத்தைத் தாமும் ஏற்றார். தொழிலாளரின் கஃபீலோ விசாவையும் வேலையையும் கையில் வைத்திருப்பவர். முன்னாள் முதலாளியின் தடையில்லாக் கடிதம் இல்லாமல் வேறு வேலைக்கு மாற இயலாத நிலை நெடுநாள் நீடித்தது. ஒப்பந்தம் முடிந்தால் அக்கடிதம் இன்றியே மாறலாம் என்னும் விதி 2021 ஜனவரியில்தான் நடப்புக்கு வந்தது. காப்பதற்காகப் பிறந்த ஒரு பொறுப்பு, கட்டுப்படுத்தும் அதிகாரமாக மாறக்கூடும் என்பதற்கு இது சான்று. தோட்டப்புறத்தில் பாட்டன்மார் வாழ்ந்த வாழ்க்கையை அறிந்த நமக்கும், இன்று நம் உணவகங்களில் வேலை செய்யும் வெளிநாட்டுத் தொழிலாளரை நாள்தோறும் காணும் நம் பிள்ளைகளுக்கும் இது தொலைவான செய்தி அன்று.

வகுப்பறைக்குச் சில

ஆசிரியர்கள் இதனைப் பாடமாக நடத்த விரும்பினால், விதிகளை எழுதிப்போட்டு மனனம் செய்யச் சொல்ல வேண்டாம். ஒரு சிறு குவளையும் ஒரு கூசாவும் எடுத்துக்கொண்டு, இருவரை எதிரெதிரே அமர்த்தி, ஊற்றுவதையும் பெறுவதையும் குவளையை அசைப்பதையும் நடித்துக்காட்டச் செய்யுங்கள். நான் அவ்வாறு செய்தபோது மாணவர்கள் முதலில் சிரித்தார்கள். பிறகு ஒரு மாணவி, “டீச்சர், ‘போதும்’ என்று சொன்னால் கொடுப்பவர் மனம் வருந்தும் என்பதால்தான் குவளையை ஆட்டுகிறார்களா?” என்று கேட்டாள். குறிப்புத்தாளில் இல்லாத காரணத்தை அவள் தானே கண்டுகொண்டாள்.

பெற்றோர்களே, பயணத்துக்கு முன் உங்கள் பிள்ளைகளோடு அமர்ந்து ஒவ்வொரு வழக்கத்துக்கும் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். இவ்வழக்கம் யாரைக் காக்கிறது? நம் வீட்டில் இதற்கு ஈடான வழக்கம் எது? இதை மீறினால் யாருக்குச் சங்கடம்? விடை தெரியாவிட்டால் அங்குச் சென்றபின் ஒரு பெரியவரிடம் பணிவோடு கேட்கச் சொல்லுங்கள். அறிய விரும்பும் பிள்ளையிடம் ஓமானியர் முகம் சுளிப்பதில்லை. பெரும்பாலும் அந்தக் கேள்விக்குப் பின்னால் பேரீச்சம்பழமும் காப்பியும் வரும். குவளையை எப்போது அசைக்க வேண்டும் என்பது மட்டும் நினைவிருக்கட்டும்.